ரப்பர்மர மேசைக்குப் பழைய தேக்கு நிறம் வருமா? (பலகை ரப்பர், கால் தேக்கு)

தூசிமேடை:
வணக்கம். மகளுக்குப் படிப்பு மேசை ஒன்னு செஞ்சிருக்கேன். மேல்பலகை 18 மி.மீ. ரப்பர்மர ஃபிங்கர் ஜாயின்ட் போர்டு (சின்னச் சின்னப் பட்டையைக் கோத்து ஒட்டின பலகை), 4 அடிக்கு 2 அடி. காலும் குறுக்குச் சட்டமும் ஊர்ல வீடு இடிச்சப்ப எடுத்து வெச்ச நிலைச்சட்டத் தேக்கு. தச்சு வேலை முடிஞ்சது, ஆட்டம் கிடையாது. இனிமே கலரும் பாலிஷும்தான்.

தேக்கை இழைச்சதும் உள்ளேர்ந்து நல்ல தேன் நிறம் வந்திருக்கு. ரப்பர் பலகை பக்கத்துல சோகை பிடிச்ச மாதிரி நிக்குது. ரெண்டும் ஒரே மேசைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. கடைக்காரர், "தேக்கு ஸ்டெயின் வாங்கி ஒரு கை அடிங்க சார், சரியாயிடும்"ங்கிறார். துண்டுப் பலகைல அடிச்சுப் பார்த்தேன். ஒட்டின பட்டை ஒவ்வொன்னும் ஒவ்வொரு கலர்ல வந்திருக்கு. நடுவுல சில இடத்துல ஸ்டெயின் ஏறவே இல்லை.

ஸ்ப்ரே கன், கம்ப்ரசர் எதுவும் இல்லை. தாம்பரம் பக்கம் ஃப்ளாட், வேலை எல்லாம் பால்கனிலதான். மழையும் ஆரம்பிச்சாச்சு. இன்னொன்னு, காலில் ஒரு பக்கம் பழைய பச்சை பெயின்ட் கொஞ்சம் ஒட்டியிருக்கு, ஆணி இருந்த இடத்துல கறுப்புக் கறை. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

கலர்_வேண்டாம்:
ஆரம்பிக்காம விடுங்க, அதுதான் என் யோசனை. ரப்பர் மரத்துக்கு எதுக்குத் தேக்கு வேஷம்? மேல வெளிர், கீழே அடர்த்தி, ரெண்டு நிறமா விட்டாலே மேசை எடுப்பா இருக்கும். ஸ்டெயின்ங்கறது மரத்தோட ரேகையை மூடற வேலை. கிளியர் கோட் ரெண்டு கொடுத்துட்டு அடுத்த மேசைக்குப் போங்க.

தூசிமேடை:
நானும் அதைத்தான் வீட்டுல சொன்னேன். மகள், அம்மா ரெண்டு பேரும் சேர்ந்து தோக்கடிச்சிட்டாங்க. நிறம் சேரணுமாம்.

இழைப்புளி:
தம்பி, ஸ்டெயின் ஏறாத இடம்னு சொன்னீங்களே, அது ஃபெவிகால். போர்டு ஒட்டும்போது பிதுங்கின பசை, இல்லாட்டி உங்க கையில இருந்தது. மேலாகப் பார்த்தா தெரியாது, ஸ்டெயின் பட்டாத்தான் வெள்ளையாக் காட்டிக்கொடுக்கும். அதுக்கு முன்னாடியே பிடிக்க வழி இருக்கு. டர்பன்டைனைத் துணில நனைச்சு பலகை முழுக்க ஒரு இழுப்பு இழுங்க. மரம் இருக்கற இடம் கறுத்துப்போகும், பசை இருக்கற இடம் வெளுத்து நிக்கும். பென்சில்ல வட்டம் போட்டு வெச்சுக்கிட்டு, காஞ்சதும் ஸ்கிரேப்பர் வெச்சுச் சுரண்டுங்க. வெறும் உப்புத்தாள் போட்டா பசை சூடாகி இன்னும் உள்ள இறங்கும்.

பட்டைக்குப் பட்டை கலர் மாறுறது வேற சங்கதி. ஃபிங்கர் ஜாயின்ட் போர்டுல ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மரம். ஒன்னுல ரேகை படுத்திருக்கும், ஒன்னுல நின்னிருக்கும். ஒன்னு குடிக்கும், ஒன்னு குடிக்காது. அதை ஒரு டப்பா ஸ்டெயின் சரி பண்ணாது. கடைக்காரர் சொன்ன ஒரு கை வேலை வைரம் பாய்ஞ்ச ஒத்தை மரத்துக்குச் சரி.

உப்புத்தாள் எந்த நம்பர் வரைக்கும் போட்டீங்க?

தூசிமேடை:
80, 120, 180, 320. கடைசியா 400-ம் போட்டேன். கண்ணாடியாட்டம் வழவழன்னு இருந்துது.

இழைப்புளி:
அங்கதான் பாதி கலர் போச்சு. ஸ்டெயின்ல இருக்கற பொடி உட்கார்றதுக்கு உப்புத்தாள் கீறல் வேணும். 400 போட்டா மரத்தோட வாயை அடைச்ச கணக்கு. 180-ல நிறுத்துங்க. பலகையோட வெட்டு முனைக்கு மட்டும் 220 போடுங்க, அது சும்மாவே ரெண்டு மடங்கு குடிக்கும்.

வேதியியல்_வாத்தி:
நிறத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அந்தப் பச்சை பெயின்ட்டைத் தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்கிற விதி இந்தியாவில் 2016-ல்தான் வந்தது, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இடிச்ச வீட்டு நிலைச்சட்டத்தில் இருக்கிற பெயின்ட் அதுக்குப் பல பத்தாண்டு முந்தினது. பச்சை, மஞ்சள், சிவப்பு போன்ற நிறங்களில் ஈய நிறமிகள் தாராளமாகப் போடப்பட்ட காலம் அது. குழந்தை உட்கார்ந்து படிக்கப்போற மேசை. அந்தத் தூசி பால்கனியில் விழுந்து, காலோடு வீட்டுக்குள் வரும்.

பெயின்ட் ரிமூவர் ஜெல் தடவி, குமிழி விட்டதும் பிளாஸ்டிக் சட்டத்தால் வழிச்சு எடுங்க. கையுறை போட்டு, காத்தோட்டமான இடத்தில். கீழே செய்தித்தாள் விரிச்சு, வழிச்சதை அதிலேயே மடிச்சுக் கட்டிடுங்க. மிச்சம் இருந்தால் ஈரத்தோடு வாட்டர் பேப்பர் போடலாம். ஹீட் கன் வேண்டாம், அதிகச் சூட்டில் ஈயப் புகை வரும்.

கறுப்புக் கறை இரும்பும் தேக்கில் இருக்கிற டானின் என்கிற துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்ததால் வந்தது. ஆக்ஸாலிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைச்சுத் தடவினால் போகும். கறை இருக்கிற இடத்தில் மட்டும் தடவாதீங்க. அந்த முகம் முழுக்கத் தடவுங்க. இல்லாவிட்டால் கறுப்புப் புள்ளி போய் அங்கே வெள்ளைப் புள்ளி வரும். பிறகு நிறையத் தண்ணியால் கழுவி, சமையல் சோடா கலந்த தண்ணியால் ஒரு தரம் துடைங்க. அந்த ஆசிட் விஷம். காய்ந்த பிறகு மேலே தங்கியிருக்கிற தூள் மூக்கில் ஏறினால் எரியும், கழுவாமல் உப்புத்தாள் போடவே கூடாது.

இழைப்புளி:
வாத்தியார் சொல்றது சரி. அதோட ஒரு காந்தம் வெச்சு கால் முழுக்கத் தடவிப் பாருங்க. ஒடஞ்ச ஆணி முனை உள்ளே கிடந்தா ஆசிட் போட்டு எடுத்த கறை அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

பண்ருட்டிக்காரி:
இவ்வளவு கெமிக்கல் எதுக்கு? எங்க பக்கம் உத்தரம், மாட்டுக்கொட்டகைக் கால் எல்லாத்துக்கும் முந்திரித் தோல் எண்ணெய்தான். ஒரு கோட் அடிச்சா நல்ல கரும்பழுப்பு நிறம். செல்லும் அண்டாது, மழையும் இறங்காது. ரப்பர் மரத்தைச் செல்லு சீக்கிரம் அரிக்கும்பாங்களே.

வேதியியல்_வாத்தி:
உத்தரத்துக்கு அருமையான பொருள் அக்கா. மேசைக்கு ஆகாது. அந்த எண்ணெயில் இருக்கிற அனகார்டிக் அமிலமும் கார்டோலும் தோலைக் கொப்புளிக்க வைக்கும். முந்திரிக்கொட்டை சுட்டு உடைக்கிறவங்க கையைப் பார்த்தாலே தெரியும். நல்லாக் காய நாளாகும், வாடையும் போகாது. குழந்தை முழங்கையை ஊன்றி எழுதற பலகை இது.

நாஞ்சிலான்:
எங்க ஊர் மரம் பத்தி பேச்சு வந்ததால எட்டிப்பார்த்தேன். கன்னியாகுமரி மாவட்டத்துல பால் வெட்டி ஓய்ஞ்ச மரம் 25, 30 வருசத்துல விழும், அதைத்தான் அறுக்கோம். அறுத்த சூட்டோட போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் ஏத்தி, சூளைல காய வைக்காட்டி நீலம் பூத்துரும், வண்டும் ஏறிரும். நல்ல கடை போர்டுன்னா அந்த வேலை முடிஞ்சுதான் வந்திருக்கும். அக்கா பயப்படாண்டாம். ஆனா அடிப்பக்கம் பச்சையா விட்டா காத்து ஈரத்தைக் குடிக்கும். மேல மட்டும் பாலிஷ், கீழே வெறும் மரம்னு விட்ட பலகை ரெண்டு மழைக்காலத்துல கிண்ணம் போல வளையும். மேலே எத்தனை கோட்டோ, அடியிலயும் அத்தனை போடும்.

மொட்டைமாடி_பட்டறை:
இப்ப கலருக்கு வருவோம். ரப்பர், பைன், மா மாதிரி வெளிர் மரத்தைத் தேக்குக்குப் பக்கத்துல கொண்டுபோறது ஒரே கோட்ல ஆகாது. ரெண்டு கட்டமாப் பிரிச்சுக்கணும். அடிநிறம் ஒன்னு, மேல்நிறம் ஒன்னு. தேக்கை உத்துப் பாருங்க. அடியில ஒரு பொன் மஞ்சள் இருக்கும். அதுக்கு மேல ரேகைக் குழியில காப்பிப்பொடிக் கலர் கோடு. கடையில விக்கற தேக்கு ஸ்டெயின் இந்த ரெண்டையும் கலந்து ஒரே சாயமா ஊத்துது. அதனாலதான் பலகை பிளாஸ்டிக் கதவு மாதிரி ஆயிடுது.

நான் செய்யற வரிசை இது.

பசையைச் சுரண்டி, 180 போட்டு, ஈரத்துணியால பலகையை நனைச்சு விடுங்க. நார் எழும்பும். காஞ்சதும் பழைய 220 தாளை லேசா ஒரு தடவை ரேகையோட ஓட்டுங்க. இதை இப்பவே செஞ்சுட்டா தண்ணி ஸ்டெயின் போடும்போது மறுபடி சொரசொரன்னு ஆகாது.

அடுத்து வெளிர் மஞ்சள்பழுப்புத் தண்ணி ஸ்டெயின். ஸ்பிரிட்ல கரையற டை வாங்காதீங்க. 4 அடி பலகையில கை ஒரு முனைக்குப் போறதுக்குள்ள மறு முனை காஞ்சு, கோடு விழும். தண்ணில கரைஞ்சது கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். பனியன் துணியில தாராளமா ஊத்தித் தடவி, மிச்சத்தை ஒரே வீச்சுல ரேகையோட துடைச்சு எடுக்கணும்.

பிறகு அரக்குக் கோட், தண்ணியா. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில். மெழுகு நீக்கின அரக்குன்னு கேட்டு வாங்குங்க. இந்தக் கோட் பளபளப்புக்கு இல்லை. நிறைய குடிக்கற பட்டையையும் குடிக்காத பட்டையையும் ஓரளவு சமமாக்கும், அடிநிறத்தையும் பூட்டி வெச்சுடும்.

அதுக்கு மேல பழுப்பு. பெயின்ட் கடையில ஸ்டெயினர் பாட்டில் கேளுங்க, பர்ன்ட் சியன்னா ஒன்னு, டர்கிஷ் அம்பர் ஒன்னு. டபுள் பாயில்டு ஆளி விதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து அதுல சொட்டுச் சொட்டா விட்டு, தடவி, துடைச்சுடுங்க. அரக்கு போட்டதால திட்டுத்திட்டா இறங்காது. பிடிக்கலைன்னா டர்பன்டைன் துணியால துடைச்சு எடுத்துட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், கீழே இருக்கற மஞ்சள் அப்படியே நிக்கும். சியன்னா சிவப்பு பக்கம் இழுக்கும், அம்பர் கறுப்பு பக்கம் இழுக்கும். பழைய தேக்குக்கு எனக்கு சியன்னா மூணுக்கு அம்பர் ஒன்னு சரியா வரும். உங்க தேக்கு வேற மாதிரி இருக்கலாம்.

வேதியியல்_வாத்தி:
மேலே சொன்னதில் ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்கு. ஆளி விதை எண்ணெய் காய்வது ஆவியாவதால் அல்ல, காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு சேர்வதால். சேரும்போது சூடு வரும். துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, தீக்குச்சி இல்லாமலே பத்திக்கும். தேங்காய் எண்ணெய் துணிக்கு இப்படி ஆகாதேன்னு அலட்சியம் வேண்டாம், அது காயாத எண்ணெய். துணியை விரிச்சு, கொடியில் தனித்தனியாகக் காயப் போடுங்க. அல்லது தண்ணி நிறைந்த தகர டப்பாவில் முக்கி வைங்க.

கலர்_வேண்டாம்:
பாத்தீங்களா, ஒரு கலருக்கு எத்தனை பாட்டில்! சரி, விவாதத்துக்காகக் கேக்கறேன். கறுப்பா மாத்தற வேலைக்கு இயற்கை வழி இருக்கே. கலம்காரித் துணியில வர்ற கறுப்பு, துருப்பிடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்ட தண்ணிதானே. கடுக்காய்த் தண்ணி நனைச்ச துணியில அது பட்டதும் கறுக்கும். மரத்துல ஏன் செய்யக் கூடாது?

மொட்டைமாடி_பட்டறை:
தாராளமாச் செய்யலாம், நல்லாவும் இருக்கும். ரப்பர் மரத்துல டானின் கம்மி, அதனால கடுக்காய்க் கஷாயம் முதல்ல தடவிக் காய விட்டே ஆகணும். கருவேலம்னா அதுவே தேவைப்படாது. ஆனா வர்றது கருங்கறுப்பு. தூசிமேடைக்குத் தேன் நிறம்தானே வேணும். அந்தத் தண்ணி ஒரு சொட்டு தேக்குக் காலில் பட்டா, வாத்தியார் ஆசிட் போட்டு எடுக்கச் சொன்ன அதே கறை.

கலர்_வேண்டாம்:
ஒத்துக்கறேன். அடுத்த ஸ்டூலுக்கு வெச்சுக்கறேன்.

தூசிமேடை:
எல்லாருக்கும் நன்றி. பெயின்ட் ஜெல் போட்டு எடுத்தாச்சு, கறையும் பாதிக்கு மேல போயிடுச்சு. ஒரு ஆணி முனை நிஜமாவே உள்ள இருந்துது, காந்தம் காட்டிக்கொடுத்துடுச்சு. மேல் கோட் எது போடறதுன்னுதான் குழப்பம். தெரிஞ்ச பெயின்ட்டர் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர்தான் சீக்கிரம் காயும்ங்கிறார். பிரெஞ்சு பாலிஷ்லயே முடிச்சுடலாமா? அரக்கு எப்படியும் வாங்கியாச்சு.

இழைப்புளி:
பிரெஞ்சு பாலிஷ் பாக்க அழகு. பூஜை அறைக் கதவுக்குப் போடுங்க. படிக்கற மேசையில சூடா டம்ளர் வெச்சா வெள்ளை வளையம் விழும். சானிடைசர் சிந்தினா அரக்கு கரைஞ்சே போகும், அது ஸ்பிரிட்ல கரைஞ்ச பொருள்தானே.

என்.சி. இந்த மாசத்துல வேண்டவே வேண்டாம். தின்னர் பறக்கும்போது பலகை குளுந்துபோகும், காத்துல இருக்கற ஈரம் அதுல படியும், பால் ஊத்தின மாதிரி வெளுத்துரும். ஐப்பசி, கார்த்திகைல சென்னைல என்.சி. அடிச்சு வெளுக்காத வீட்டை நான் பாத்ததில்லை. ரிடார்டர் (காயறதை மெதுவாக்கற சரக்கு) கலந்து சமாளிக்கிறவங்க இருக்காங்க, அது கன் பிடிச்சுப் பழகின கைக்கு.

என்னைக் கேட்டா ரெண்டு பாகம் கலக்கற பி.யு. (பாலியூரித்தேன்) வாங்கி, நல்ல பிரஷ்ல ரெண்டு கோட். பத்து வருசம் திரும்பிப் பாக்க வேண்டாம்.

மொட்டைமாடி_பட்டறை:
இதுல நான் அண்ணனோட மோதறேன். பட்டறையில சரி. ஃப்ளாட் பால்கனியில, குழந்தை இருக்கற வீட்டுல ஹார்டனர் கலந்த பி.யு. வேண்டாம். ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. மூச்சுக்குழாய்க்கு ஒரு தடவை ஒவ்வாமை வந்துட்டா அப்புறம் லேசா வாடை பட்டாலும் இழுப்பு வரும். தூசிக்குப் போடற என்95 முகமூடி ஆவியை நிறுத்தாது, கார்ட்ரிட்ஜ் வெச்சது வேணும். கீழ் வீட்டுக்காரங்க பால்கனிக்கு யார் முகமூடி கொடுப்பாங்க?

தண்ணி பி.யு. போடுங்க. வாடை குறைவு. மூணு அல்லது நாலு மெல்லிய கோட், நடுவுல 320 லேசா. ஸ்டீல் உல் மட்டும் போடாதீங்க, உதிர்ற இழை ஈரத்துல துருப்பிடிச்சுப் புள்ளி விழும்.

இழைப்புளி:
தண்ணி பி.யு. தேக்கைச் செத்தமாதிரி காட்டும். எண்ணெய் பாலிஷ்ல வர்ற அந்த உள்வெளிச்சம் வராது. இது என் கண்ணு சொல்றது, ரூலு இல்ல.

மொட்டைமாடி_பட்டறை:
உண்மைதான். அதுக்குத்தான் காலுக்கும் அரக்கு ஒரு கோட் கொடுத்துட்டு மேல தண்ணி பி.யு. போகணும்ங்கறேன். அரக்கே அந்த வெளிச்சத்தைக் கொடுத்துடும். தேக்குல இயற்கையாவே எண்ணெய்ப் பசை உண்டு, அதுக்கும் பி.யு.வுக்கும் நடுவுல ஒரு பாலம் வேணும். பலகையிலயும் ஆளி எண்ணெய்ப் பழுப்பு காஞ்ச பிறகு இன்னொரு அரக்குக் கோட் போட்டுத்தான் தண்ணிச் சரக்கு போகணும். நேரா எண்ணெய் மேல போட்டா பிடிக்காம உரிஞ்சு வரும். மெழுகு நீக்கின அரக்கு கேட்டு வாங்கச் சொன்னதும் இதுக்குத்தான். சாதா அரக்குல இருக்கற மெழுகு பி.யு.வை ஒட்ட விடாது.

இழைப்புளி:
இது ஏத்துக்கற பேச்சு. ஃப்ளாட்டுன்னு யோசிக்காம சொல்லிட்டேன், தண்ணியே போடுங்க தம்பி. அரக்கைப் புதுசாக் கரைங்க. போன வருசம் கரைச்ச பாட்டில் இருந்தா தூக்கிப் போடுங்க, பழசானா காயாது, விரல் ரேகை பதியும்.

தூசிமேடை:
துண்டுப் பலகைங்கள்ல முயற்சி பண்ணிட்டு வரேன். ஒரு சந்தேகம். ஸ்டெயின் போட்டுக் காஞ்சதும் நிறம் செத்துப்போய் சாம்பலா இருக்கு. இன்னொரு கை ஏத்தலாமா?

மொட்டைமாடி_பட்டறை:
ஏத்தாதீங்க! காஞ்ச ஸ்டெயினைப் பார்த்து யாரும் முடிவு பண்ணக் கூடாது. மேல் கோட் விழுந்தாத்தான் நிஜ நிறம். துண்டுல டர்பன்டைன் துணியால ஒரு தடவு தடவுங்க, ஈரமா இருக்கற அந்த நிமிஷம் தெரியற நிறம்தான் ஏறக்குறைய கடைசி நிறம். துண்டுப் பலகைக்கும் பசை சுரண்டறதுலேர்ந்து கடைசிக் கோட் வரைக்கும் முழுசா எல்லாம் போட்டு, தேக்குக் காலுக்குப் பக்கத்துல சாய்ச்சு வெச்சு, பகல் வெளிச்சத்துல ஒரு தரம், டியூப்லைட்ல ஒரு தரம் பாருங்க. பால்கனியில சேர்ந்து தெரிஞ்ச கலர் ரூமுக்குள்ள பிரிஞ்சு தெரியும். மேசை கிடக்கப்போறது ரூம்லதான்.

நாஞ்சிலான்:
துண்டு அதே போர்டுல அறுத்ததாத்தான் இருக்கணும், கேட்டேரா. கடையில வேற ரப்பர் துண்டு வாங்கிப் பாத்தா கணக்கே தப்பும்.

தூசிமேடை:
அப்டேட். அதே போர்டு துண்டுல மூணு மாதிரி செஞ்சு, பின்னால பென்சில்ல கலவை எழுதி வெச்சேன். சியன்னா கூடினது செங்கல் நிறத்துக்குப் போயிடுச்சு. அம்பர் கொஞ்சம் தூக்கலா வெச்சது டியூப்லைட்ல தேக்கோட அப்படியே சேருது. பட்டை வித்தியாசம் முழுசாப் போகலை, ஆனா இப்ப அது ஒட்டு மாதிரித் தெரியலை, மரத்தோட ரேகை மாதிரித் தெரியுது. மகள் ஒப்புதல் கொடுத்தாச்சு. பெரிய பலகையில மஞ்சள் அடிநிறமும் முதல் அரக்கும் முடிஞ்சது. பழுப்பு காய எவ்வளவு நாள் விடணும்? தீபாவளிக்குள்ள மேசையைக் கேக்கறா.

மொட்டைமாடி_பட்டறை:
இந்த ஈரத்துல நாள் கணக்கு சொல்ல முடியாது. கையை வெச்சா ஒட்டக் கூடாது, மூக்கை வெச்சா ஆளி எண்ணெய் வாடை வரக் கூடாது. அதுவரைக்கும் அரக்கு போடாதீங்க. மழை பெய்யற அன்னிக்கு அரக்கும் போடாதீங்க, அதுவும் என்.சி. மாதிரியே வெளுக்கும். தண்ணி பி.யு. தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், முழுசா இறுக ரெண்டு மூணு வாரம் ஆகும். தீபாவளிக்கு மேசையைக் கொடுங்க, எழுத விடுங்க, தண்ணி பாட்டில் மட்டும் வைக்க விடாதீங்க. புத்தகத்தை மாசக்கணக்கா அடுக்கி வெச்சாலும் அட்டை ஒட்டிக்கும்.

இழைப்புளி:
அடிப்பக்கம் போட்டாச்சா தம்பி?

தூசிமேடை:
மஞ்சள் போடலை, அரக்கு போட்டாச்சு அண்ணே. பி.யு.வும் மேல எத்தனையோ அத்தனை போட்டுடறேன்.

புதுவரவு:
நல்ல இழை. என்கிட்ட தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டின பிளைவுட் அலமாரி இருக்கு, பழைய மெலமைன் பாலிஷ். அதுக்கும் 80-லேர்ந்து உப்புத்தாள் ஆரம்பிக்கலாமா?

இழைப்புளி:
ஐயோ, கையை எடுங்க. வெனீர் அரை மி.மீ. இருந்தாலே பெரிசு, 80 போட்டா ஒரே ஓட்டத்துல பிளைவுட் வெளியே தெரியும். அதுக்குத் தனியா ஒரு இழை போடுங்க, போட்டோவோட.